முட்டைக் கணக்கு எழுதும் கண்ணுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய கோழிப்பண்ணைக் கணக்கெடுப்பைப் பொறுமையாகப் பார்த்தேன். வெயிலில் அலைந்து எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் கடைசி வரியில் எல்லாப் பத்திக்கும் சராசரி போட்டிருக்கிறாயே, அதைத்தான் பேச வேண்டும்.

முட்டை ஏற்ற வந்த லாரிகளின் பதிவெண்ணை எடுத்துக்கொள். டி.என். 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு. கூட்டி இரண்டால் வகுத்தால் 31. அது கடலூர்! இந்த எண்கள் ஊருக்கு வைத்த அடையாளம் மட்டுமே. எந்த ஊர் வண்டி எத்தனை, எது அதிகம், எத்தனை சதவீதம் என்று சொல்லலாம். அதற்குமேல் கூட்டல் வகுத்தலுக்கு இடமில்லை.

1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவைகளைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என்று நான்காகப் பிரித்தார். அவர் விதித்த கட்டுப்பாடுகள் அதிகம் என்று பின்னால் வாதிட்டவர்கள் உண்டு. இருந்தாலும் புதிதாகக் கணக்கெடுப்பவர்களுக்கு இந்தப் பிரிவுதான் நல்ல தொடக்கம் என்பேன்.

முட்டையின் தரம் வரிசை அளவை. அக்மார்க் கணக்கில் 38 முதல் 44 கிராம் சிறியது, 45 முதல் 52 நடுத்தரம், 53 முதல் 59 பெரியது, 60-ம் அதற்கு மேலும் மிகப் பெரியது. நீ இவற்றுக்கு 1, 2, 3, 4 என்று போட்டு, சராசரி 2.6 என்கிறாய். அந்த 2.6 எத்தனை கிராம்? சொல்ல முடியாது. கடைசி வகுப்புக்கு மேல் எல்லையே கிடையாதே. இங்கே இடைநிலை போதும்: வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் முட்டை எந்தத் தரம் என்று பார். தராசு கையில் இருந்தால் கிராமிலேயே எழுதிவிடு. கிராமிலிருந்து தரத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தரத்திலிருந்து கிராமைத் திரும்பப் பெற முடியாது. எடை விகித அளவை, அதற்குச் சராசரி தாராளமாகப் போடலாம். வெப்பநிலை இடைவெளி அளவை. அதற்கும் சராசரி சரிதான், ஆனால் 40 டிகிரி என்பது 20-ஐப் போல இரண்டு மடங்கு சூடு என்று எழுதிவிடாதே.

இனி கீறல் முட்டை. ஒரு கொட்டகையில் 200-க்கு 20, இன்னொன்றில் 200-க்கு 10 என்று வைத்துக்கொள்வோம். 'இரு மடங்கு' என்று உடனே எழுதத் தோன்றும். கொட்டகைக்கும் கீறலுக்கும் தொடர்பே இல்லையென்றால் இரண்டிலும் 15 வந்திருக்க வேண்டும், நல்ல முட்டை 185. கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை இதைத்தான் கேட்கிறது: கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, நான்கு கட்டத்தையும் கூட்டு. 25/15 இரண்டு முறை, 25/185 இரண்டு முறை, மொத்தம் சுமார் 3.60. ஐந்து சதவீத எல்லை 3.84. எட்டவில்லை. தற்செயலாகவும் இவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதால், பண்ணைக்காரரிடம் போய் இந்தக் கொட்டகையில் குறை இருக்கிறது என்று இப்போதே சொல்லாதே.

அடுத்த முறை இரண்டிலும் இன்னும் நிறைய எண்ணு. ஓர் அட்டை கைதவறி விழுந்து பத்து முட்டை கீறியிருந்தால் தனியாகக் குறித்து வை. இந்தச் சோதனை ஒவ்வொரு முட்டையும் தனித்தனியே கீறியதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
அத்தை