தாம்பரத்தில் குடியேறலாமா?

கேள்வி: மகனுக்குச் சென்னையில் வேலை. தாம்பரத்தில் வீடு பார்க்கிறோம். ஊர் எப்படி?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: தாராளமாகப் பாருங்கள் அம்மா. தாம்பரத்தை வளர்த்தது ரயில்தான். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து இங்கே 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. உங்கள் ஊருக்குப் போகும் ரயில்கள் பலவும் இங்கே நிற்கும். எழும்பூர்வரை அலைய வேண்டாம்.

காற்று நல்ல இடம் என்று 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். பக்கத்து ஸ்டேஷனுக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர். 1937-ல் கிறித்தவக் கல்லூரி வந்தது. வேதியியல் பேராசிரியர் பார்ன்ஸ் தம்பதி அக்கறையோடு மரம் வளர்த்த வளாகம் அது. நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே புள்ளிமான் மேய்கிற காடு! அதற்காகவே எனக்குக் கிழக்குத் தாம்பரம் பிடிக்கும்.

மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவாகச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அடையாற்று வெள்ளம் 2015-ல் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள், எதிர்வீட்டில் விசாரியுங்கள். முன்பணம் அப்புறம் கொடுக்கலாம்.

கடை, பள்ளி, மருத்துவமனைக்குக் குறைவில்லை. தென் மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம் கிட்டத்தில்தான்.