பொய் சொல்லும் முள்

காரில் ஏறி அமர்ந்ததும் முன்பலகையில் இரண்டு சிறு முட்களைக் காண்கிறோம். ஒன்று தொட்டியிலுள்ள பெட்ரோலின் அளவைச் சொல்கிறது. மற்றது எஞ்சின் நீரின் சூட்டைச் சொல்கிறது. உண்மையில் இம்முட்கள் பெட்ரோலையும் அறியா, சூட்டையும் அறியா. அவை அறிவது மின்னோட்டம் ஒன்றையே. இதை மனத்தில் இருத்தினால், முள் தவறாகக் காட்டும்போது பழுது எங்கே என்று கண்டுகொள்வது எளிது. 1960-களின் நடுப்பகுதியிலிருந்து பல பிரிட்டிஷ் கார்களில் இடம்பெற்ற அமைப்பை இங்கே எடுத்துக்கொள்வோம்.

இதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது முள்ளை நகர்த்தும் மீட்டர். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டைமேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். மின்னோட்டத்தால் கம்பி சூடேற, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல மெல்ல ஏறுவது இதனால்தான்.

இரண்டாவது உணர்வி. தொட்டியில் அது மிதவையோடு மாறும் மின்தடை. எஞ்சினில் அது தெர்மிஸ்டர். பெட்ரோல் நிறைந்தாலும் நீர் சூடேறினாலும் தடை குறையும், மின்னோட்டம் மிகும், முள் ஏறும்.

மூன்றாவது, இரு மீட்டர்களுக்கும் பொதுவான ஸ்டெபிலைசர். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை உயரும். ஸ்டெபிலைசர் மின்தொடர்பை விட்டுவிட்டு இணைத்து, 10 வோல்ட் தரும் வெப்பத்திற்கு ஈடான வெப்பத்தையே மீட்டர்களுக்கு அளிக்கிறது.

கொல்கத்தாவில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இத்தகைய பழைய கார் ஒன்றைப் பேணி வருகிறார். அதன் சூட்டு முள் எப்போதும் சிவப்பை நெருங்கியே நின்றது. ரேடியேட்டரைக் கழற்றி மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அது ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கவேண்டிய செலவு. ஆனால் வேறொன்றும் நடந்திருந்தது: பெட்ரோல் முள் கால் தொட்டி காட்டியபோதே பெட்ரோல் தீர்ந்து வண்டி நடுவழியில் நின்றிருக்கிறது. இரண்டு முட்களும் ஒரே திசையில் பொய் சொல்கின்றன என்றால், இரண்டிற்கும் பொதுவான உறுப்பைத்தானே ஐயுற வேண்டும்?

ஸ்டெபிலைசரின் உறை காரின் உடலோடு சேருமிடத்தில் துரு ஏறியிருந்தது. எர்த் கிடைக்காவிட்டால் அதன் உட்கம்பி சூடேறாது, தொடர்பு விடுபடாது, 10-க்குப் பதில் 14 வோல்ட் முழுவதும் மீட்டருக்குப் போகும். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 1.96. அதாவது, மீட்டருக்குள் ஏறத்தாழ இருமடங்கு வெப்பம்! துருவைச் சுரண்டித் திருகாணியை முடுக்கினோம். இரு முட்களும் நேர்மைக்குத் திரும்பின.

சோதிக்கும் முறை இது:

1. இரு முட்களும் மிகுதியாகக் காட்டினால், முதலில் ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பாருங்கள். இரண்டும் எழவே இல்லையென்றால், பியூஸையும் ஸ்டெபிலைசருக்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள்.

2. ஒரு முள் மட்டும் தவறினால், அதன் மீட்டர், கம்பி, உணர்வி ஆகியவற்றில் பழுதைத் தேடுங்கள். கம்பி அறுந்தால் முள் அடியிலேயே கிடக்கும். கம்பி காரின் உடலில் உரசினால் முள் உச்சிக்கு ஏறும்.

3. உணர்வியின் தடையை அளக்கும்போது கம்பியைக் கழற்றிவிட்டு அளவுங்கள். தொட்டியருகே கைவைக்குமுன் பாட்டரியின் இணைப்பை நீக்குங்கள். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

4. ஸ்டெபிலைசரில் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் வைத்தால் எண் தாவிக்கொண்டே இருக்கும். அது பழுதன்று, விட்டுவிட்டு இணைப்பதே அதன் இயல்பு. எண் 12-க்கு மேல் அசையாது நின்றால்தான் பழுது.

5. ஸ்டெபிலைசர் கெட்டிருந்தால் 7810 என்ற ஐ.சி.யைக் கொண்டு மாற்று செய்யலாம். ஆனால் பாட்டரியின் நேர்முனை எர்த் ஆகியுள்ள பழைய கார்களில் அதை அப்படியே பொருத்தலாகாது.

ஓர் எச்சரிக்கை. முள் பொய் சொல்லக்கூடும் என்பதற்காக ஓடும் வண்டியில் அதைப் புறக்கணிக்கக் கூடாது. சூட்டு முள் உச்சிக்கு ஏறினால் முதலில் வண்டியை நிறுத்துங்கள், எஞ்சின் ஆறட்டும், முள்ளை ஐயுறுவது பிறகு. வீண் ஐயத்தால் இழப்பது அரைமணி நேரம். வீண் நம்பிக்கையால் இழப்பது எஞ்சின்.