சிறிய காரின் பானெட்டுக்குள் நாம் பொருத்தும் பாகங்கள்

கடன் பெற்று முதல் கார் வாங்கியவர், வண்டி வீடு வந்த மாதத்திலேயே செல்லும் கடைத்தெரு ஒன்று ஏறத்தாழ எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. தில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. சாலை, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. இருக்கை உறையும் தரைவிரிப்பும் வாங்குவதோடு நின்றால் பணப்பைக்கு மட்டுமே இழப்பு. ஆனால் கடைக்காரர் பானெட்டைத் திறக்கச் சொன்ன பிறகு அங்கே சேர்வது எதுவாயினும், அது காரின் மின்சாரத்தையோ எரிபொருளையோ காற்றையோ தொட்டே தீரும். அதைப் பற்றியே இந்தப் பாடம்.

எங்கள் கிளை ஒன்றில் வாகனக் கடன் பெற்றிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவம் இதனை எழுதத் தூண்டியது. இரவுப் பயணங்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்று அவர் முகப்பு விளக்குகளில் அதிக வாட் பல்புகளை மாட்டினார். அதே நாளில் இரட்டை ஹாரனும் சேர்ந்தது. வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. சில மாதங்கள் கழித்து நெடுஞ்சாலையில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டியை ஓரம் கட்டி அவர் இறங்குவதற்குள் பானெட்டின் இடுக்குகளில் புகை. குடும்பத்தினர் எவருக்கும் காயமில்லை. ஆனால் இயந்திர அறையின் வயரிங் முழுவதும் எரிந்துவிட்டது. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுக்கப்பட்டிருந்த ஒரு வயரைக் காப்பீட்டு ஆய்வாளர் தம் அறிக்கையில் குறித்தார். இழப்பீடு குறித்த கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நீண்டது. அந்த மாதங்கள் அனைத்திலும் ஓடாத காருக்கு அவர் தவணை செலுத்திக்கொண்டிருந்தார். அத்தொகையை அவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்களே என்பதால், இச்செய்தியை எளிதில் மறக்க இயலவில்லை.

என்ன தவறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது கணக்குப் போட வேண்டும். சிறிய கார்களில் பரவலாக உள்ள எச்4 பல்பின் அளவு 60/55 வாட். அதாவது உயர் ஒளிக்கு 60, தாழ் ஒளிக்கு 55. 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. தொழிற்சாலையில் இட்ட வயரின் தடிமன், சுவிட்சின் உள்ளே உள்ள செம்புத் தொடுமுனை, ஃபியூஸ் ஆகிய அனைத்தும் இந்தப் பத்து ஆம்பியரை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டவை. கடையில் கிடைக்கும் 100/90 வாட் பல்பை மாட்டினால் உயர் ஒளியில் மின்னோட்டம் 16 ஆம்பியரைத் தாண்டுகிறது. வயரில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வது. ஆகவே மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. முதலில் தளர்வது வயரன்று. ஸ்டீயரிங்கின் அருகே உள்ள சுவிட்சும் பல்பின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் கப்ளரும்தான். பழுப்பேறிய கப்ளரைக் கண்டால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அதிக வாட் பல்பு மற்றொரு வகையிலும் பொருந்தாதது. எச்4 பல்புக்குச் சாலைப் பயன்பாட்டுக்கான ஏற்பு 60/55 வாட் அளவிலேயே உள்ளது. மிகுந்த வெப்பத்தால் விளக்கின் உள்ளே உள்ள எதிரொளிப்புப் பூச்சு உரியும். எதிரே வருபவரின் கண் கூசும். ஹாலஜன் பல்புக்கென அமைந்த விளக்குக் கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் இத்தகையதே. ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுவதால் கற்றை சிதறுகிறது; வெள்ளையாகத் தெரிவதை நாம் நல்ல வெளிச்சம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அப்படியாயின் மங்கலான விளக்கோடு காலந்தள்ள வேண்டியதுதானா? இல்லை. வியப்பான உண்மை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: பழைய சிறிய கார்கள் பலவற்றில் குறை பல்பில் இல்லை, பல்புக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தில்தான் உள்ளது. பாட்டரியிலிருந்து ஸ்டீயரிங் சுவிட்சு வரை சென்று, மீண்டும் முன்னே திரும்பும் நீண்ட வயரில் ஒரு பகுதி மின்னழுத்தம் வீணாகிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அந்த இழப்பை நீக்கினாலே, அதே 60/55 வாட் பல்பு புதிய பல்பைப் போல ஒளிரும். அதற்குரிய கருவி ரிலே.

ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு காவலாளி. நான்கு முனைகள் கொண்ட சாதாரண ரிலேயில் 85, 86 என்ற எண்கள் அதன் காந்தச் சுருளுக்குரியவை. விளக்குக்குச் சென்றுகொண்டிருந்த பழைய வயர் இனி இந்தச் சுருளை மட்டுமே இயக்கும். அதற்கு ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. 30 என்ற முனைக்குப் பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ் வழியாகப் புதிய தடித்த வயர் வரும். 87 என்ற முனை பல்புக்குச் செல்லும். சுவிட்சின் சுமை நீங்கிவிட, பல்புக்குக் குறுகிய நேர்வழியில் முழு மின்னழுத்தம் கிடைக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இதற்குப் போதும். உடலோடு இணையும் எர்த் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும்; அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்குதல் நன்று. இந்த எர்த் இணைப்பைப் பலர் அலட்சியம் செய்கின்றனர்.

சுவிட்ச் எந்தப் பக்கத்தைத் துண்டிக்கிறது என்பதில் எல்லாக் கார்களும் ஒன்றுபோல் இல்லை. ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றிய கார்கள் பலவற்றில் விளக்குக்கு நேர் மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். சுவிட்ச் எர்த் பக்கத்தையே இணைத்துத் துண்டிக்கும். சோதனை விளக்கு வைத்துப் பார்க்காமல் வயரை வெட்டும் மெக்கானிக்கிடம் காரை ஒப்படைக்காதீர்கள். புதிய கார்கள் பலவற்றில் ரிலே தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்தால் தெரியும். இருப்பதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பது வீண் செலவு.

இனி ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது விளக்கையன்று, வயரை. இதனை உணர்ந்தால் அதன் இடம் தானே விளங்கும். பாட்டரிக்கும் ஃபியூசுக்கும் இடைப்பட்ட வயர் காவலற்றது. ஆகவே ஃபியூஸ் பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். ரிலேயின் அருகே, அதாவது வயரின் மறுமுனையில், ஃபியூசை வைத்திருக்கும் கார்களை நாங்கள் கண்டிருக்கிறோம். நடுவில் வயர் உரசி உடலைத் தொட்டால் பாட்டரியின் முழு ஆற்றலும் அந்த வயரில் பாயும். ஃபியூஸ் அதனை அறியவே அறியாது. இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனியே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைப்பது சிறந்தது. ஒரே ஃபியூசில் இரண்டையும் இணைத்தால், அது அறுந்த கணத்தில் நள்ளிரவு நெடுஞ்சாலையில் முழு இருள் சூழும். அறுந்த ஃபியூசுக்கு மாற்றாக அதிக ஆம்பியர் ஃபியூஸ் மாட்டுவதோ, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதோ, காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

ஹாரனுக்கும் இதே முறைதான். ஒற்றை ஹாரனோடு வரும் சிறிய காரில் இரண்டாவதைச் சேர்க்கும்போது, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானின் மீது சுமை இரட்டிப்பாகிறது. காற்றுப்பை உள்ள கார்களில் அந்தப் பொத்தானின் வயரும் காற்றுப்பையின் வயரும் ஒரே சுருள் நாடாவின் வழியாகச் செல்வதுண்டு. அதனைச் சிதைப்பது அறிவுடைமையாகாது. ரிலேயுடன் கூடிய ஆயத்த வயரிங் தொகுப்பு கடைகளில் கிடைக்கிறது. வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் பொருத்தலாம். பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. கடைக்காரர் அதனையும் எடுத்துக் காட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதன் பானெட்டுக்குள் இருந்தது 796 சி.சி. எஞ்சினும் கார்புரேட்டரும் எண்ணிவிடத்தக்க சில வயர்களுமே. எந்த வயரையும் தோலுரித்து இன்னொன்றை முறுக்கி, டேப் சுற்றினாலும் கார் ஓடியது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் துணிவு அங்கே பிறந்தது. 'ஒன்றும் ஆகாது சார்' என்ற சொல்லும் அங்கேதான் பிறந்தது போலும். இன்றைய சிறிய காரில் எஞ்சினை ஆள்வது மின்னணுக் கட்டுப்பாட்டகம். அதன் உணரிகள் அனுப்பும் சமிக்ஞை ஒரு வோல்ட்டின் சிறு பின்னத்திலும் மாறுபடும். அத்தகைய வயர் ஒன்றிலிருந்து ஹாரனுக்கோ விளக்குக்கோ மின்சாரம் எடுத்தால் நேர்வது என்னவென்று எளிதில் கண்டுபிடிக்கவும் முடியாது. திறந்த கூம்பு வடிவக் காற்று வடிகட்டியும் அவ்வாறே. ஒலி கம்பீரமாக இருக்கும்; ஆனால் வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்த எஞ்சின், இப்போது பானெட்டுக்குள் சூடேறிய காற்றை இழுக்கிறது. நம் நாட்டுப் புழுதியைக் கருதினால், தொழிற்சாலை தந்த காகித வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதே மேல் என்பது எங்கள் கருத்து.

பானெட்டுக்குள் பொருத்துபவற்றுள் சட்டமும் காப்பீடும் மிகக் கூர்ந்து நோக்குவது சி.என்.ஜி. கிட். சுமார் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் உள்ள வாயு, பானெட்டுக்குள் உள்ள அழுத்தக் குறைப்பானில் விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. அது உறைந்துவிடாதிருக்க எஞ்சினின் சூடான குளிர்விப்பு நீர் அதனுள் செலுத்தப்படுகிறது. வாயுவும் நீரும் மின்சாரமும் ஒரே மூலையில் கூடும் இவ்வேலையைத் தெருமுனையில் செய்துகொள்ளலாகாது. வகை ஏற்பு பெற்ற கிட்டை, போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் உள்ள மையத்தில் பொருத்த வேண்டும். சிலிண்டரை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

எரிபொருள் வகை பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் என்பதால், அதன் மாற்றத்தை அங்கேயும் பதிவு செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்கு 14 நாள் கெடு விதிக்கிறது. 2019 திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட பிரிவு 182ஏ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. பல்பு, ரிலே போன்றவை பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரங்கள் அல்ல. அவற்றுக்கு இப்பதிவு தேவையில்லை.

காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவிப்பது இவற்றிலிருந்து வேறான கடமை. கிட்டுக்கும், விலை மிகுந்த மின்சாதனங்களுக்கும் சிறிது கூடுதல் பிரீமியம் செலுத்தி, அவற்றின் மதிப்பைப் பாலிசியில் தனியே குறிக்கச் செய்யலாம். குறிக்கப்படாத பொருளுக்கு இழப்பீடு எதிர்பார்க்க இயலாது. தீ அந்தப் பொருளிலிருந்தே தொடங்கியதாக ஆய்வாளர் கருதினால் முழுக் கோரிக்கையும் கேள்விக்குள்ளாகும். கடன் முடியும் வரை பதிவுச் சான்றிதழிலும் பாலிசியிலும் வங்கியின் ஹைப்பாதிகேஷன் குறிப்பு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கார் முழுவதும் அழிந்தால் இழப்பீட்டுத் தொகை முதலில் நிலுவைக் கடனுக்கே செல்லும். இழப்பீடு மறுக்கப்பட்டாலோ, கார் போன பின்னும் கடன் நிற்கும். ஆகவே கிட் பொருத்தும் முன் கிளைக்கு ஒரு கடிதம் தாருங்கள். நாங்கள் மறுப்பதற்காக அதனைக் கேட்கவில்லை, கோப்பில் சேர்ப்பதற்காகவே கேட்கிறோம். பொருத்திய கடையின் ரசீதையும் அதே உறையில் வையுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து சில நிமிடம் நில்லுங்கள். புதிய வயர்கள் நெளிவுக் குழாய்க்குள் இருக்கின்றனவா, எஞ்சினின் புகைப்போக்கிக் குழாயிலிருந்து விலகிச் செல்கின்றனவா, தகரத்தைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் உண்டா என்று பாருங்கள். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் உள்ளே தங்காது. பிறகு ஓர் இரவு, விளக்குகளை எரியவிட்டு அரை மணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைத்து, விளக்கு இன்னும் எரியும் நிலையிலேயே புதிய வயரையும் ஃபியூஸ் கூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் பாகங்களில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளஞ்சூடு இயல்பானது. விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலையிலேயே, ரசீதோடு அதே கடைக்குச் செல்லுங்கள்.