பெயின்ட் அடித்த ஹெல்மெட்

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. "வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று வேண்டாம் என்றால் ஐ.நா. வாயைப் பொத்திக்கொள்கிறது; அப்புறம் அது எதற்கு?" என்று வெடித்திருந்தாய். கோபம் நியாயம்தான். 1956-ல் நடந்ததைக் கேள்.

அந்த ஜூலையில் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேல் எகிப்தின் சினாய்க்குள் புகுந்தது. போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்ததும் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டன. மறுநாளே எகிப்தில் குண்டு விழுந்தது. போட்டவையும் அதே இரண்டு நாடுகள்தான்!

வீட்டோ செல்லாத இடம் ஒன்று உண்டு, பொதுச்சபை. விவகாரம் அங்கே போனது. சண்டைக்காரர்கள் விலக, நடுவில் ஐ.நா. படை ஒன்று நிற்கட்டும் என்றார் கனடாவின் லெஸ்டர் பியர்சன். இரண்டே வாரத்தில் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கிவிட்டார்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். இது யார் படை என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. கையில் கிடைத்த அமெரிக்க பிளாஸ்டிக் ஹெல்மெட்டுகளுக்கு நீலப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கனடா தன் பங்குக்கு ஒரு காலாட்படைப் பிரிவை அனுப்பப் பார்த்தது. அதன் பெயர் 'ராணியின் சொந்த ரைஃபிள்ஸ்'! பெயரிலும் சீருடையிலும் பிரிட்டிஷ் வாடை. நாசர் கூடாது என்றுவிட்டார். யோசனை சொன்னவர் நாட்டுக்குக் கடைசியில் கிடைத்தது சிக்னல், சரக்குப் போக்குவரத்து மாதிரியான வேலைகள்.

இந்தியா உட்படப் பத்து நாட்டு வீரர்கள். துப்பாக்கி தற்காப்புக்கு மட்டும். பிரிட்டனும் பிரான்சும் டிசம்பரில் கிளம்பின, இஸ்ரேல் மார்ச்சில். அமெரிக்கா பணத்தால் நெருக்கியது அதற்குப் பெரிய காரணம், மறைப்பானேன்! ஆனால் அதன் பிறகு பத்து வருஷம் எகிப்து-இஸ்ரேல் எல்லை பெரும்பாலும் அடங்கிக் கிடந்ததே, அது இந்த நீல ஹெல்மெட்டுகளால்.

வரப்புத் தகராறில் குறுக்கே நிற்கும் பெரியவரைப் போலத்தான் இந்தப் படை. இரு தரப்பும் நிற்கவிடும்வரை நிற்கலாம். 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னது. உங்கள் பக்கமாவது நிற்கட்டுமா என்று ஐ.நா. கேட்டபோது இஸ்ரேலும் மறுத்தது. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் படையைத் திரும்ப அழைத்தார். ஜூன் 5-ல் போர் மூண்டபோது நம் வீரர்கள் காசாவில் ஊர் திரும்பக் காத்திருந்தார்கள். சிலர் அங்கேயே குண்டுக்குப் பலியானார்கள்.

ஊ தாண்ட் மறுத்திருக்க வேண்டும் என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. நீ அவர் நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? எழுது.

அன்புடன்,
சித்தப்பா