ஹேவ் எங்கே வரும், எங்கே வராது?

புதுச்சேரியில் வேலை தேடுபவர் பலரின் ரெஸ்யூமேயில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும். 1889-லிருந்து அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் நடக்கிற ஊராயிற்றே! போட்டியில் அது பெரிய பலம். ஆனால் ஹேவ் போட்டுப் பேசும் ப்ரசென்ட் பெர்ஃபெக்ட் என்று வந்தால், தமிழும் பிரெஞ்சும் கைகோத்து நம்மைக் கவிழ்த்துவிடும்.

1. 'நேத்தே மெயில் அனுப்பிட்டேன்' என்கிறோம். பிரெஞ்சின் கடந்தகால வடிவமான பாஸே கொம்போஸேயும் ஹேவுக்குச் சமமான சொல்லைப் போட்டுக்கொண்டு 'நேற்று'டன் ஒட்டிக்கொள்ளும். அதே பழக்கத்தில் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று சொன்னால் தவறு. முடிந்துபோன நேரத்தை வாய்விட்டுச் சொன்னீர்களா? ஹேவை எடுத்துவிடுங்கள்: 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே'. எப்போது என்பது முக்கியமில்லை, வேலை முடிந்தது என்பதே செய்தி என்றால் 'ஐ ஹேவ் சென்ட் இட்'. 'சாப்பிட்டாச்சு' என்பதில் வரும் அந்த 'ஆச்சு'தான் இந்த ஹேவ்.

2. 'மூணு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்.' தமிழில் நிகழ்காலம், பிரெஞ்சிலும் நிகழ்காலம். அதனால்தான் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வாயில் வந்துவிடுகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதே சரி. தொடங்கிய ஆண்டைச் சொன்னால் சின்ஸ், எத்தனை ஆண்டு என்றால் ஃபார். 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேலையை விட்டுவிட்டீர்கள் என்று எச்.ஆர். குறித்துக்கொள்வார்.

3. ஒயிட் டவுன் ஹோட்டலில் இன்டர்வியூ. 'ஹேவ் யூ எவர் ஹேண்டில்ட் அன் ஆங்க்ரி கெஸ்ட்?' கேள்வி ஹேவில் வந்ததால் பதில் முழுக்க ஹேவ் போடுகிறவர்கள் அதிகம். 'யெஸ், ஐ ஹேவ்' என்பதோடு ஹேவின் வேலை முடிந்தது. 'லாஸ்ட் டிசம்பர், எ கெஸ்ட் கம்ப்ளெய்ன்ட்...' என்று சம்பவத்துக்குள் நுழைந்ததும் சிம்பிள் பாஸ்ட்தான். இந்தக் கியர் மாற்றத்தை வீட்டில் நாலு முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

4. 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பதற்குப் பதிலாக அமெரிக்க கிளையன்ட் 'டிட் யூ ஈட் யெட்?' என்பார். அவர்கள் பேச்சில் அது சகஜம், திருத்தப் போகாதீர்கள்.

5. ஃப்ரண்ட் ஆஃபீஸ்காரர்களுக்கு: மேனேஜர் சென்னை போய் இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான் டு சென்னை'. போய்வந்துவிட்டார் என்றால் 'ஹேஸ் பீன் டு சென்னை'. மாற்றிச் சொன்னால், அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று கெஸ்ட் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.