கடையில் கரண்ட் கோளாறு: காரணம் அறிவது எப்படி?

கிராமப்புறத்தில் கடை நடத்தும் வணிகப் பெருமக்களுக்கு பிரிட்ஜ், மின்னணுத் தராசு, மாவு மில் மோட்டார் எல்லாம் முதலீடு. வோல்டேஜ் கோளாறால் அவை எரிந்தால் பண நட்டம். எர்த் கோளாறால் போவதோ உயிர். ஆகவே கோளாறு எங்கே என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

நம் நாட்டில் சிங்கிள் பேஸ் மின்சாரம் 230 வோல்ட். மாலையில் தெரு முழுவதும் விளக்கு மங்கினால், டிரான்ஸ்பார்மரில் சுமை அதிகம் அல்லது லைன் நீளம். நம் கடையில் மட்டும் மங்கினால், சர்வீஸ் வயர், பியூஸ் கட்டை, மெயின் சுவிட்ச் இவற்றில் இணைப்புத் தளர்ந்திருக்கலாம்; அவ்விடத்தில் கருகல் தெரியும். ஒரு கடையில் விளக்கு பளீரென எரிந்து, அடுத்த கடையில் மங்கினால், நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். உடனே மெயினை அணைத்து மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்டெபிலைசர் இதற்குப் பரிகாரம் அல்ல.

அடுத்து எர்த். பிரிட்ஜைத் தொட்டால் 'சுர்'ரென்றால் அலட்சியம் கூடாது. வயர்மேனை அழைத்து பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் வோல்டேஜைப் பார்க்கச் சொல்வோம். முதலாவது 230ஐ ஒட்டியும், இரண்டாவது சில வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இது மட்டும் போதாது; மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால் பழுதான எர்த்திலும் சரியான அளவு காட்டும். எர்த் டெஸ்டரால் ஓம் அளவு பார்ப்பதே முறை.

எர்த் இல்லையென்று பிளக்கில் நியூட்ரலோடு இணைப்பது பேராபத்து. நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜின் உடம்பே மின்கம்பி ஆகிவிடும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவோம். வாடிக்கையாளர் கைவைக்கும் பொருள் நம் பொறுப்பு.