பெட்டை நாய்களுக்கு உண்டாகும் முலைக்கட்டி

மரக்காணம் உப்பளங்களில் வரப்பின்மேற் கிடந்து இரவெல்லாம் காவல் காக்கும் பெட்டை நாய்க்கு ஏழெட்டு வயதாகுங்கால், அதன் அடிவயிற்றில் கொட்டைப்பாக்களவு கட்டியொன்று தோன்றினால் உடையவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நாய் வழக்கம்போல் தின்கிறது, குரைக்கிறது. கட்டியைத் தொட்டாலும் நோவதில்லை. நோவில்லாமையே இவ்வியாதியின் வஞ்சகம்.

பெட்டை நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி முலைகள் உண்டு. பின்னங்கால்களை அடுத்த இரண்டு ஜோடிகளிலேயே கட்டிகள் மிகுதி. மாதம் ஒருமுறை நாயை மல்லாத்தி, காய்ந்து ஒட்டியிருக்கும் உப்புச் சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, ஒவ்வொரு முலையையும் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தல் வேண்டும். குட்டி ஈன்ற சில நாட்களில் முலை சிவந்து, பால் திரிந்து, ஜுரமும் காணுமாயின் அது மடிவீக்கம். அதற்குச் சிகிச்சை வேறு. ஈனாத கிழ நாய்க்கு அவ்விதம் சிவந்து சுடுமாயின் கொடிய புற்றாயிருக்கக்கூடும். அதில் அறுவை பயன்படுவதில்லை.

கட்டிகளில் ஏறக்குறையப் பாதி தீங்கற்றவை என்பது மருத்துவர் கணக்கு. எது எப்பாதியைச் சேர்ந்தது என்பதைத் தடவி அறிய முடியாது. அறுத்தெடுத்த சதையைச் சோதித்தே சொல்லக்கூடும். 3 சென்டிமீட்டருக்குக் குறைவாயிருக்கும்போதே எடுத்துவிடின் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். புண்ணாகி நாறும்வரை விட்டால் நோய் நெறிகளுக்கும் நுரையீரலுக்கும் ஏறிவிடலாம். ஆதலால்தான் அறுவைக்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சூடு போடுதலும் சுண்ணாம்பு தடவுதலும் நாளை வீணாக்கும் வேலைகளே. புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வண்டியிலேற்றிச் செல்ல முடியாத தூரமன்று. தையல் பிரிக்கும் வரை, பத்துப் பன்னிரண்டு நாட்கள், நாயை அளத்தில் விடாது வீட்டிலேயே கட்டி வைப்பது அவசியம்.

வராமற் காக்கும் வழி கருத்தடையே. 1969-ல் அமெரிக்காவில் ஷ்னைடர் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கருத்தடை செய்யாத பெட்டைக்குள்ள அபாயம் 100 எனில், முதற் பருவத்திற்கு முன் செய்ததற்கு அரையே. ஒரு பருவம் கண்டபின் 8, இரண்டு கண்டபின் 26. 2012-ல் இவ்விஷயத்தைப் பரிசீலித்தவர்கள் சான்று வலுவற்றதென்றனர். ஆயினும் கருப்பையில் சீழ் கட்டும் வியாதியும் கருத்தடையால் தவிர்வதால் அது நஷ்டமாகாது. மாறாக, பருவத்தைத் தள்ளிவைக்கப் போடும் ஹார்மோன் ஊசியோ கட்டிக்கு இடங்கொடுப்பது.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வித்தல் 2023-ஆம் வருடத்து விதிகளின்படி உள்ளாட்சி மன்றங்களின் கடமை. வளர்ப்பு நாய்க்கு உடையவரே பொறுப்பாளி. முதற் பருவம் பெரும்பாலும் ஆறு மாதத்திற்கு மேல் காணுமாதலால், குட்டி பிறந்த மாதத்தைச் சுவரில் கரியாலாவது எழுதி வைத்துக்கொள்வது நன்று.